ஒலிப்பேழையும் ஓர் ஏடே!

எழுதப்பட்டது மட்டுமே இலக்கியம் என்னும் எண்ணம் தமிழாசிரியர்களாகிய எங்களிடம் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. ஏடு கண்டால் வணங்குகிறோம். அச்சு நூல் கண்டால் அடுக்கி வைக்கிறோம். குரலை மட்டும் கேட்டுவிட்டுக் கடந்து போகிறோம். இக்குறையை யான் உணர்ந்தது நூலறிவால் அன்று. மாணவி ஒருவர் கேட்ட கேள்வியால்.

கடந்த ஆண்டு ஒருநாள், இளங்கலை மூன்றாமாண்டு பயிலும் மாணவி ஒருவர் துறைக்கு வந்து தயங்கி நின்றார். காசிமேட்டுப் பக்கத்தவர். "ஐயா, எங்க தாத்தா பாடுன கேசட் ஒண்ணு உங்க மாமா வீட்ல இருக்குதுன்னு எங்க ஆயா சொன்னாங்க. ஒரு தடவ கேட்க முடியுமா?" என்றார். என் தாய்மாமனும் அவருடைய பாட்டனாரும் துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். 1989-ஆம் ஆண்டில் தெருவில் நிகழ்ந்த ஓர் இறப்பின்போது அப்பெரியவர் விடிய விடியக் கானாப் பாடினார். பர்மா பஜாரில் வாங்கிய டேப் ரிக்கார்டரை மாமா அருகில் வைத்து, ஒலிப்பேழை ஒன்றின் இரு பக்கமும் நிறையும்வரை பதிவு செய்தார். சில ஆண்டுகளில் பாடியவரும் மறைந்தார். இசைத்தட்டிலோ வானொலியிலோ அவர் பாடியதில்லை. அவர் குரல் இருந்தது அந்த ஒரு பேழையில்தான்.

அம்மாணவிக்கு யான் என்ன மறுமொழி கூறுவேன்! அந்தப் பேழை இன்றும் என்னிடம் உள்ளது. அதில் அவர் குரல் இல்லை. 2003-இல் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்றபோது, கருத்தரங்கச் சொற்பொழிவு ஒன்றைப் பதிவு செய்ய வெற்றுப் பேழை கிடைக்காமல், மாமாவின் அலமாரியிலிருந்து அதனை எடுத்துச் சென்று அதன்மீதே பதிவு செய்துவிட்டேன். அச்சொற்பொழிவின் பொருள் யாதென்பதுகூட இன்று என் நினைவில் இல்லை. மாமா கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "படிப்புக்குத்தானே எடுத்தே, போவட்டும்" என்றார். அந்தப் 'போவட்டும்' இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பேத்தியின் முகமாக வந்து என் எதிரே நின்றது. பின்னர் மாமா தம் நினைவிலிருந்த இரண்டு பாடல்களை அம்மாணவிக்குச் சொல்லிக் கொடுத்தார். சொல் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அதற்கான கழுவாய்.

வடசென்னையின் குரல்

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீளும் இப்பகுதியைத் துறைமுகம், தொழிற்சாலை, மீன்பிடித் துறை என்னும் சொற்களாலேயே பலரும் அறிவர். தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டதைப் பாடநூல்கள் கூறும். ஆயின் இது பாட்டின் நிலமுமாகும். பட்டினத்தார் அடக்கமானதாகப் போற்றப்படும் இடம் திருவொற்றியூரில் உள்ளது. இராமலிங்க அடிகள் ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த நாள்களில் திருவொற்றியூருக்கு நடந்து சென்று வழிபட்டார். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு (1792–1838) இராயபுரத்தில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானார். தொண்டியிலிருந்து வந்த அப்பெரியாரைக் குறித்தே தண்டையார்பேட்டை பெயர் பெற்றது என்று சொல்வோரும் உளர். கானாக் கலைஞர்களுள் மூத்தோர் பலர் சித்தர்களையும் குணங்குடியாரையும் தம் முன்னோராகக் கூறுவர்.

குணங்குடியார் பாடல்கள் அச்சேறியமையால் இன்று நம் கைக்குக் கிடைக்கின்றன. அவற்றை அவர் எந்தப் பண்ணில் பாடினார், எங்கே நிறுத்தினார், எங்கே குரலை உயர்த்தினார் என்பதை இனி எவரும் அறிய இயலாது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. ஒலியைப் பதியும் கருவி அன்று உலகிலேயே இல்லை. எனவே அவ்விழப்பிற்கு எவரையும் குறை கூற முடியாது. ஆனால் 1980, 1990-ஆம் ஆண்டுகளில் இதே தெருக்களில் பாடியவர்களின் குரலை நாம் இழந்தால் அதற்கு என்ன சாக்குச் சொல்வோம்? கருவி இருந்தது, பதிவும் இருந்தது, கேட்பாரற்றுப் போயிற்று என்றுதானே சொல்ல வேண்டியிருக்கும்!

மக்கள் வழக்கில் கேசட் எனப்படும் ஒலிப்பேழையை 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்தது. அதற்கு முன்னர் ஒரு குரல் இசைத்தட்டில் ஏற வேண்டுமாயின் நிறுவனம் ஒன்றின் தயவு வேண்டும். ஒலிப்பேழை அந்த நிலையை மாற்றியது. 1980-களில் அது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் யார் குரலைப் பதிவு செய்வது என்று முடிவு செய்யும் உரிமை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பீட்டர் மேனுவல் என்னும் அமெரிக்க இசையறிஞர், வட இந்தியாவில் ஒலிப்பேழை விளைத்த இம்மாற்றத்தை ஆராய்ந்து 1993-இல் நூலொன்றே எழுதினார். நம் பகுதியில் நிகழ்ந்ததும் அதுவே. 1969-இல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகத் தொடங்கப்பட்ட பர்மா பஜார் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கப்பலில் வேலை பார்த்தோரும் வளைகுடா சென்று மீண்டோரும் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தனர். இரண்டு அறை கொண்ட வீட்டிலும் ஒரு பதிவுக் கருவி இடம் பெற்றது.

அப்பேழைகளில் என்னென்ன உள? இறப்பு வீட்டில் பாடிய மரண கானா உண்டு. திருமண ஊர்வலத்துப் பாட்டு உண்டு. ஆலை வாயிலில் தொழிற்சங்கத்தார் நடத்திய கூட்டத்தின் பேச்சும் பாட்டும் உண்டு. மீலாது மேடையில் நாகூர் இ.எம்.ஹனிபா (1925–2015) அவர்கள் பாடுகையில் கூட்டத்தின் நடுவே அமர்ந்து ஒருவர் பதிவு செய்த பேழை எங்கள் உறவினர் வீட்டில் இருந்தது. அவருடைய பாடல்கள் இசைத்தட்டிலும் கிடைக்கும். கூட்டம் எழுப்பிய ஆரவாரமும், ஒரு முதியவர் அருகிலிருந்து "மறுபடியும்" என்று கேட்டதும் அந்தப் பேழையில் மட்டுமே கிடைக்கும். இலங்கை வானொலியிலிருந்து பதிவு செய்த நிகழ்ச்சிகள் உண்டு. சென்னை வானொலியின் இளைஞர் நிகழ்ச்சியில் நம் மாணவர்கள் பங்கேற்றதை வீட்டார் பெருமையுடன் பதிந்து வைத்தவை உண்டு. கல்லூரி விழாக்களின் கவியரங்கம், பட்டிமன்றம், பாட்டுப்போட்டி உண்டு. இவற்றின் பின்னணியில், இன்று மூடப்பட்டுவிட்ட ஆலைகளின் சங்கொலியும் கேட்கும்.

மற்றோர் ஊர், மற்றோர் இசை

இத்தகைய பேழைகளுக்கு ஏதேனும் மதிப்புண்டா என்று ஐயுறுவோர்க்கு அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் காட்ட விரும்புகிறேன். இன்று நம் மாணவர்கள் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு கேட்கும் ஹிப் ஹாப் எனும் சொல்லிசை, 1973-இல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றியது. வேலையின்மையாலும் வறுமையாலும் நலிந்த கறுப்பின மக்களும் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியோரும் வாழ்ந்த பகுதி அது. பெரிய வானொலி நிலையங்கள் தொடக்கத்தில் அவ்விசையைப் பொருட்படுத்தவில்லை. அதற்கு இடம் கொடுத்தவற்றுள் கல்லூரி மாணவர் வானொலிகள் குறிப்பிடத்தக்கவை. 1980-களின் தொடக்கத்தில் லாங் தீவிலுள்ள அடெல்ஃபி பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலியில் இவ்விசையை ஒலிபரப்பிய இளைஞர்களைச் சுற்றியே பின்னாளில் உலகப் புகழ்பெற்ற 'பப்ளிக் எனிமி' என்னும் குழு உருவாயிற்று. அதன் தலைவர் சக் டி அங்குப் பயின்ற மாணவர்.

1990 முதல் 1998 வரை கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் வானொலியில் ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ என்னும் இருவர் நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடியற்காலை வரை நிகழ்ச்சி நடத்தினர். எந்த நிறுவனத்தாலும் இன்னும் ஏற்கப்படாத இளைஞர்கள் அங்கு வந்து, எழுதி வைக்காமல் நின்றவாறே சொற்களைத் தொடுத்துப் பாடினர். நாஸ், ஜே-ஸீ முதலிய புகழ்மிக்கோர் பலர் தொடக்க நாளில் அவ்வொலிவாங்கியின் முன் நின்றவர்களே. கேட்டவர்கள் வீட்டில் பேழையைப் பொருத்திப் பதிவு செய்தனர். அது கைமாறிக் கைமாறிப் படியெடுக்கப்பட்டுக் கடல் கடந்தும் சென்றது. 1995-இல் ஜே-ஸீயும் பிக் எல் என்பவரும் அங்கு மாறி மாறிப் பாடினர். ஜே-ஸீயின் முதல் தொகுப்பு வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். பிக் எல் 1999-இல் தம் இருபத்து நான்காம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று அவர் பாடிய சில நிமிடங்களை இன்றும் உலகெங்கும் கேட்கின்றனர். காற்றில் கரைந்திருக்க வேண்டிய ஒலி, பதிவுப் பொத்தானை எவரோ அழுத்தியதால் வாழ்கிறது.

அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் இதனை இழிவாகக் கருதவில்லை. 2007-இல் கார்னெல் பல்கலைக்கழக நூலகம் ஹிப் ஹாப் தொகுப்பு ஒன்றை நிறுவிற்று. பழஞ்சுவடிகளைப் பேணும் அதே நூலகத்தில் தெருவிளம்பரத் தாள்களும் ஒலிப்பதிவுகளும் இடம் பெற்றன.

நம் பகுதியில் அந்நாளில் கல்லூரி வானொலி இல்லை. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம்., அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது 2004 பிப்ரவரி 1-இல்தான். அதற்கு முன் நம் மாணவர்க்குப் பேருந்தின் படிக்கட்டே வானொலி நிலையம். அதன் பக்கத் தகரமே தாளக்கருவி. அங்கும் நின்றவாறே சொற்களைத் தொடுத்துப் பாடினர். அவற்றுள் சில பேழையில் ஏறின. பல காற்றோடு போயின. கானாவும் சொல்லிசையும் உறவுடையன என்பது என் கற்பனையன்று. 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு இரண்டையும் ஒரே மேடையில் இணைத்துக் காட்டியது. அறிவு முதலிய இளைஞர்கள் அதன்வழி அறிமுகமாயினர். பேரன் பாடுவதை உலகம் கேட்கிறது. பாட்டன் பாடியதோ பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது.

இலக்கணம் இடம் தந்தது

இவையெல்லாம் இலக்கியமாகுமா என்று வினவும் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூறுவேன். தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்தி என ஒருவகையைச் சுட்டியுள்ளார். நாட்டார் பாடல்களுக்கு அவர் அளித்த இடமே அது என ஆய்வாளர் பலர் கருதுவர். மு. அருணாசலம் 1943-இல் 'காற்றிலே மிதந்த கவிதை' என்னும் தொகுப்பை வெளியிட்டார். கி.வா.ஜகந்நாதன் 1958-இல் 'மலையருவி'யைப் பதிப்பித்தார். நா. வானமாமலை 1960-களில் தம் மாணவர்களையும் நண்பர்களையும் கொண்டு நாட்டுப் பாடல்களைத் திரட்டினார். அப்பெருமக்கள் உழைத்திராவிடில் ஏற்றப்பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் பாடத்திட்டத்தில் இடம் பெற்றிரா. ஆயின் அவர்கள் நடந்த வழி பெரும்பாலும் சிற்றூர் வழி. வயலில் பாடினால் நாட்டுப்புற இலக்கியம், துறைமுகத்தில் பாடினால் வெற்றுக் கூச்சல் என்பது எந்த இலக்கணம்? நகரத்து உழைப்பாளியும் உழைப்பாளிதானே!

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததை ஆண்டுதோறும் வகுப்பில் பெருமையுடன் கூறுகிறோம். ஏடுகள் ஆற்றில் விடப்பட்டதையும் நெருப்பில் இடப்பட்டதையும் அவர் எழுதியுள்ளமை படித்து வருந்துகிறோம். அச்செயல்களைச் செய்தோர் கொடியர் அல்லர். தம் கையிலிருந்தது இன்னதென்று அறியாதவர்கள். நானும் அறியாமல்தான் அழித்தேன். அறியாமை இழப்பைக் குறைக்காது.

மறுப்புகளும் விடைகளும்

பெரியவர்கள் சிலர் கூறும் மறுப்புகளைப் புறந்தள்ள நான் விரும்பவில்லை. கானாப் பாடல்களில் கொச்சைச் சொற்கள் உண்டு, குடியைப் பாடுவன உண்டு, பேருந்துப் பாட்டோடு மாணவர் சண்டையும் சேர்ந்து வந்தது என்பர். உண்மையே. அச்சண்டைகளை எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார். ஆனால் காப்பது என்பது போற்றுவது ஆகாது. தனிப்பாடல் திரட்டில் உள்ள வசைப்பாடல்களை நாம் கிழித்தெறியவில்லை. ஓர் ஊரின் வாழ்வை அறிய விரும்புவோர்க்கு அதன் நல்லுரையோடு வசவும் வேண்டும்.

எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கின்றனவே என்பது மாணவர் மறுப்பு. திரைப்பாடல் கிடைக்கும், விற்பனைக்கு வந்த பேழை கிடைக்கும். ஒரே ஒரு படி மட்டும் உள்ள வீட்டுப் பதிவை எவரேனும் ஏற்றினாலன்றி அது எப்படிக் கிடைக்கும்? ஏற்றியவை பலவற்றிலும் பாடியவர் பெயரோ ஊரோ ஆண்டோ இருப்பதில்லை. பெயரற்ற குரல் அனாதைக் குரல்.

மூன்றாவது மறுப்பே என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. என் மனைவி எழுப்பியது அது. "உம்மாவும் பெரியம்மாவும் நிக்காஹ் வீட்ல பெண்களுக்குள்ளே பாடினது ஒரு கேசட்ல இருக்கு. அதை ஊர் கேட்க வைப்பீங்களா?" என்றார். நான் விடையின்றி நின்றேன். நான்கு சுவருக்குள், பெண்களின் செவிக்காக மட்டும் பாடப்பட்ட குரல் அது. மரண கானாவும் அத்தகையதே. இறந்தவர் பெயரும் குடும்பத்தின் துயரும் அதில் உள. எனவே காத்தலையும் வெளியிடுதலையும் நாம் வேறு வேறாகக் கொள்ள வேண்டும். பேழையைப் படியெடுத்துக் காப்பது முதற்கடமை. அதனை எவர் கேட்கலாம் என்பதைப் பாடியவரோ அவர் குடும்பத்தாரோ முடிவு செய்ய வேண்டும். அவர்கள் பூட்டச் சொன்னால் பூட்டி வைக்க வேண்டும். பேத்தி வளர்ந்து கேட்டால் அப்போது திறக்கலாம். என் மனைவியும் இதனை ஏற்றுக்கொண்டு, அப்பேழையைப் படியெடுக்க இசைந்தார். கேட்கும் உரிமை குடும்பத்துப் பெண்களுக்கு மட்டுமே.

சட்டமும் இவ்வேறுபாட்டை ஓரளவு அறியும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994-இல் செய்த திருத்தம் நிகழ்த்துகலைஞர்க்குத் தம் நிகழ்ச்சியின்மீது உரிமை வழங்கிற்று. வணிக நோக்கமற்ற பொதுநூலகம், தன்னிடமுள்ள படைப்பைப் பாதுகாப்பின் பொருட்டு மின்வடிவில் சேமிக்க 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. கல்லூரி இதனை மேற்கொள்ளுமுன் வழக்கறிஞர் ஒருவரின் அறிவுரையைப் பெறுதல் நன்று.

காலம் நெருங்கிவிட்டது

ஒலிப்பேழையின் வாழ்நாளைப் பற்றி அறிவோமாக. நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுடைய நெகிழி நாடா. அதன்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள். துகளை நாடாவோடு பிணைக்கும் பசை. இவ்வளவே அதன் உடல். 60 நிமிடப் பேழையில் இந்நாடா ஏறத்தாழ 86 மீட்டர் நீளம் இருக்கும். வெப்பமும் ஈரமும் அந்தப் பசையைக் கெடுக்கும், பூஞ்சையை வளர்க்கும். கடற்காற்று வீசும் நம் பகுதியில் இரண்டிற்கும் குறைவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளில் வெள்ளநீரோடு எண்ணெய்க் கழிவும் புகுந்தது. துணியைத் துவைக்கலாம், சுவருக்கு வண்ணம் பூசலாம். எண்ணெய்ச் சேற்றில் ஊறிய பேழைகளைக் குப்பை வண்டியில் போட்டவர்களை நான் கண்டேன். அவர்களைக் குறை கூற எவருக்கும் வாயில்லை. அந்த வண்டியில் எத்தனை குரல்கள் போயினவோ!

நாடா நன்றாக இருப்பினும் அதனை இயக்கும் கருவி அருகிவிட்டது. கருவியின் ரப்பர் பட்டைகள் தளர்ந்துவிட்டன. பழுது பார்க்கும் கைகளும் முதுமையடைந்துவிட்டன. 2019-இல் யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் இணைந்து காந்த நாடாக்கள் குறித்து எச்சரிக்கைத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 2025-ஆம் ஆண்டளவில் இயக்கும் கருவிகள் கிடைப்பது அரிதாகும் என்பதே அதன் சாரம். அந்த எல்லையை நாம் எட்டிவிட்டோம்.

துறையால் இயலும்

இதற்குப் பெரும்பொருள் வேண்டும் என அஞ்ச வேண்டா. ஓர் அறை, நல்ல நிலையிலுள்ள ஒரு பேழை இயக்கி, ஒரு கணிப்பொறி, ஒலியை எண்வடிவாக்கும் சிறுகருவி, ஒரு பதிவேடு, வாரம் ஒருநாள் அமரும் இரண்டு மாணவர்கள் போதும். படியெடுக்க விரைவு வழி கிடையாது. 60 நிமிடப் பேழைக்கு 60 நிமிடம் அமர்ந்துதான் ஆகவேண்டும். அமர்ந்து கேட்பதே மாணவர்க்கு ஒரு பாடமாகும்.

முதலில், பேழையின் முதுகில் உள்ள இரண்டு சிறு நெகிழிப் பற்களை உடைத்துவிட வேண்டும். உடைத்தபின் அதன்மீது மறுபதிவு செய்யப் பொத்தான் இடம் தராது. என் மாமாவின் பேழையில் அந்தப் பல் உடைக்கப்பட்டிருந்தால் என் விரல் தோற்றிருக்கும். அவர் குரல் வென்றிருக்கும். அடுத்து, பூஞ்சை இருக்கிறதா எனப் பார்த்து, இருந்தால் தனியே ஒதுக்கி வைத்துப் பட்டறிவுடையோரிடம் ஒப்படைக்க வேண்டும். நனைந்த பேழையை இயக்கிப் பார்க்கவும் கூடாது. வெயிலில் காய வைக்கவும் கூடாது. நல்ல பேழையை ஆறுபட்டைப் பென்சிலைக் கொண்டு மெல்லச் சுற்றி இறுக்கத்தைத் தளர்த்திய பின் இயக்கலாம். படியெடுக்கும்போது ஒலியைச் சுருக்கும் வடிவங்களைத் தவிர்த்து, முழுமையான வேவ் வடிவில் சேமிக்க வேண்டும். நொடிக்கு 48 ஆயிரம் மாதிரிகள், 24 பிட் என்னும் அளவில் ஒரு மணி நேர ஒலிக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் இடம் பிடிக்கும். இன்றைய நிலையில் அது மிகச் சிறிது. படி ஒன்றைக் கல்லூரியிலும், ஒன்றைப் பேழை தந்த குடும்பத்தாரிடமும், மற்றொன்றை வெள்ளம் எட்டாத வேறோர் ஊரிலும் வைக்க வேண்டும். பேழையை உரியவரிடமே திருப்பித் தரவேண்டும்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது பதிவேடு. பாடியவர் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி, பதிவு செய்தவர் யார், கேட்க யாருக்கு உரிமை என்பன அதில் இடம்பெற வேண்டும். இவ்விவரங்கள் நாடாவில் இல்லை. முதியோர் நினைவில் உள்ளன. நாடா இன்னும் பத்தாண்டு பொறுக்கலாம்; நினைவு பொறுக்காது.

தனியொருவர் ஆர்வமே பெருநிறுவனமாக வளர்ந்தமைக்கு நம் கண்முன்னே சான்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாளெல்லாம் திரட்டியவற்றின் மீதே 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. ஈழத்தமிழ் ஆர்வலர்கள் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சிட்டவற்றோடு ஒலிப்பதிவுகளையும் திரட்டி வருகிறது. வடசென்னைக்கென அத்தகைய ஒலிக்களஞ்சியம் ஒன்று வேண்டும். அதனைத் தொடங்கும் தகுதி, இப்பகுதி மக்களின் பிள்ளைகள் பயிலும் நம் கல்லூரியின் தமிழ்த்துறைக்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து. நம் துறை அலமாரியில் உள்ள பழைய இலக்கிய மன்ற விழாப் பேழைகளிலிருந்தே தொடங்கலாம். அவற்றுள் மறைந்த நம் ஆசிரியர்களின் குரல்களும் உள்ளன.

மாணவச் செல்வங்களே! இவ்விடுமுறையில் உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். தாத்தாவிடமும் ஆயாவிடமும், வாப்பாவிடமும் உம்மாவிடமும் கேளுங்கள். பெரியோர்களே! பழைய இரும்புக்கடைக்குப் போடும் மூட்டையில் ஒலிப்பேழை இருக்கிறதா என்று ஒருமுறை கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இருந்தால் எங்களிடம் தாருங்கள். கேட்டுப் படியெடுத்துத் திருப்பித் தருவோம்.

அம்மாணவி இவ்வாண்டு பட்டம் பெற்றுச் செல்கிறார். மாமா சொல்லிக்கொடுத்த இரண்டு பாடல்களையும் தம் கையால் எழுதி, பாட்டனார் பெயரும் 1989 என்னும் ஆண்டும் குறித்துத் துறையில் ஒப்படைத்துள்ளார். நம் பதிவேட்டின் முதற்பக்கம் அதுதான். குரல் என்னும் இடத்தில் 'இல்லை' என்று நானே என் கையால் எழுதினேன். இரண்டாம் பக்கத்திலேனும் அச்சொல்லை எழுதாதிருக்க, பரணிலிருந்து பேழையை இறக்கியவுடன் முதல் வேலையாக அந்த இரண்டு சிறு பற்களை உடைத்துவிடுங்கள்.